தொண்ணூறு போதும்

பவுல்ராஜின் வேலை தீயைப் பார்ப்பது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில், மாடிமேல் மாடியாக உயர்ந்து நிற்கும் கொதிகலனின் பக்கச் சுவரில் உள்ளங்கையளவு துளை ஒன்று இருக்கும். நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அதன் வழியே உள்ளே பார்க்க வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். சாயங்காலச் சூரியனைக் கொண்டுவந்து ஒரு கூடத்தில் அடைத்து வைத்தது போல இருக்கும். பவுல்ராஜ் அதைத் தன் பணிக்காலம் முழுவதும் பார்த்தார். கடைசி ஷிப்ட் அன்றும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை இன்னொருவர் கையில் கொடுத்தார்.

"நெலக்கரி ராஜா மாதிரி எரியும். நம்ம பழுப்புக்கரி அழுதுக்கினே எரியும்" என்பது அவர் வாக்கு. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும்போதே அதில் பாதிக்குப் பாதி தண்ணீர். அப்படிப்பட்ட கரியை ஒழுங்காக எரியவைக்க வேண்டுமானால் காற்றுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். கொதிகலனுக்குள் காற்றைத் தள்ளுவதற்கு ஒரு விசிறி உண்டு, அதை எஃப்.டி. என்பார்கள். எரிந்து முடிந்த புகையை வெளியே இழுப்பதற்கு இன்னொரு விசிறி, அது ஐ.டி. புகை கறுத்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். எஃப்.டி.யைக் கூட்ட வேண்டும். தீ மஞ்சளித்து நிற்கும், புகை வெளுக்கும். ஆயிரம் தடவை செய்து அந்தப் பாடம் அவர் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த பிறகும் காலையில் மொட்டை மாடிக்கு ஏறித் தூரத்துப் புகைபோக்கிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காப்பி. "சுத்தமா எரியுது" என்று மேலிருந்தே அறிவிப்பார்.

"அப்பாடா! ஒங்க சர்ட்டிபிகேட்டுக்குத்தான் காத்துக்கினு இருக்காங்க. இனிமே கரண்டு வுட்டுடுவாங்க" என்று கீழேயிருந்து பதில் வரும். அது அவருடைய மனைவி லூர்துமேரி.

லூர்துமேரியும் தீயோடு வாழ்ந்தவள்தான். கோயில் திருவிழா, கல்யாணம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து என்றால் சுற்று வட்டாரத்தில் பெரிய அண்டாவுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். முந்திரி விறகு, அதுவும் பாதி ஈரம். குனிந்து ஊதி, கண் எரிந்து, இருமி, மறுபடியும் ஊதி, ஐந்நூறு பேருக்குச் சோறு ஆக்கிவிட்டு நிமிர்வாள். புருஷன் எரித்த புகை புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போனது. அவள் எரித்த புகைக்கு அவளுடைய நெஞ்சுதான் புகைபோக்கி. பீடியைக் கையால் தொடாதவளுக்கு, ஐம்பதைத் தாண்டியதும் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு நடந்தால் வாங்கியது. பிறகு புடவை கட்டிக்கொண்டாலே வாங்கியது. நுரையீரலின் குழாய்கள் குறுகிவிட்டன, காற்றுப் பைகள் தொளதொளத்துவிட்டன என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

போன வருஷம் வீட்டுக்கு ஓர் ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது. சின்னப் பீரோ அளவு, சக்கரம் வைத்தது, நாள் முழுக்க உர்ரென்று உறுமும். அதன் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குட்டிப் பந்து. திருகைத் திருப்பினால் பந்து மேலே ஏறி, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும். பவுல்ராஜுக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. மூக்கில் மாட்டும் குழாயை அவரே மாட்டிவிட்டார், ஆக்ஸிஜனை ஈரமாக்கும் பாட்டிலில் அவரே தண்ணீர் மாற்றினார், வடிகட்டியை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புவதற்கு முன் அவரே கழுவிக் காயவைத்தார். 

ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பந்து ஒன்றரைக்கு மேல் போகக்கூடாது. இரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனை விரலில் மாட்டிப் பார்க்கும் கிளிப்பில், நூற்றுக்குத் தொண்ணூறு வாக்கில் இருந்தால் போதும்.

முதலாவது அவருக்குப் புரிந்தது. மிஷின் சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவதுதான் உறுத்தியது. "தொண்ணூறு என்னா மார்க்கு? எனக்கு தொண்ணூத்தியெட்டு காட்டுது. ஒனக்கு மட்டும் என்னா தொண்ணூறு?"

"பள்ளிக்கொடத்துலயும் நான் அவ்ளோதான் வாங்கினேன். வுடுங்க" என்றாள் அவள்.

மழைக்காலம் பிறந்ததும் அவளுக்குச் சளி பிடித்தது. இரவெல்லாம் இருமல், படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். விடிந்து பார்த்தால் கிளிப்பில் எண்பத்தி நாலு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் பவுல்ராஜுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. புகை கறுக்கிறது. காற்று போதவில்லை. கை தானாகத் திருகுக்குப் போயிற்று. பந்து ஒன்றரையிலிருந்து இரண்டுக்கு, மூன்றுக்கு, உச்சியில் ஐந்துக்கு ஏறியது.

என்ன அதிசயம்! எண்பத்தி நாலு தொண்ணூறானது, தொண்ணூற்றி ஐந்தானது, தொண்ணூற்றி எட்டில் போய் நின்றது. உதட்டு நீலம் கரைந்து முகம் சிவந்தது. இருமல் தணிந்தது. கொஞ்ச நேரத்தில் லூர்துமேரி தலையணையில் சாய்ந்து தூங்கியே போனாள். எத்தனை நாளைக்குப் பிறகு அவள் சாய்ந்து தூங்குகிறாள்! மங்களூரில் கப்பல் கம்பெனியில் இருக்கும் மகன் லியோவுக்குப் போன் போட்டார். "அம்மாவுக்கு இப்ப தேவலைடா. காத்தைக் கூட்டிவுட்டேன். தீ மஞ்சளா நிக்குது."

பத்து மணி வாக்கில் பக்கத்து வீட்டுச் சந்திரகலா கஞ்சியோடு வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். லூர்துமேரியைத் தினமும் வந்து பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பாள்.

"அக்கா தூங்குறாங்களா?"

"நல்லா தூங்கிக்கினு இருக்கா. எழுப்பாத."

"ரெண்டு வாய் குடிச்சிட்டு தூங்கட்டும்ணே. வெறும் வயிறு." அவள் தோளைத் தட்டினாள். லூர்துமேரி கண்ணைப் பாதி திறந்தாள். "ஸ்டெல்லா, பந்தி வச்சாச்சா?" என்றாள், ஏதோ பழைய கல்யாண வீட்டு அடுப்படியில் நிற்பது போல.

"நான் ஸ்டெல்லா இல்லக்கா, சந்திரகலா. இந்தாங்க, புடிங்க."

டம்ளரை வாங்க லூர்துமேரி இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிய கைகள் மணிக்கட்டில் படக்கென்று மடங்கின, நிமிர்ந்தன, மறுபடி மடங்கின. சுவரில் உட்கார்ந்த பறவை சிறகைத் தட்டிக்கொள்வது போல. டம்ளர் நழுவிக் கஞ்சி போர்வையெல்லாம் ஓடியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கண் மூடிக்கொண்டது.

சந்திரகலா அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். கதகதவென்று இருந்தது. "அண்ணே, இது தூக்கம் இல்ல. கல்யாண வூட்டுல தண்ணி போட்டுட்டு கெடப்பானுங்களே, அந்த மாதிரி இருக்கு. வண்டிய வரச் சொல்லுங்க."

"தொண்ணூத்தியெட்டு காட்டுது, கலா!"

"காட்டட்டும். அக்கா காட்டலையே."

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் பவுல்ராஜ் கிளிப்பையே பார்த்துக்கொண்டு போனார். எண் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆள்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் இளவேனில் என்ற டாக்டர் இருந்தார். முப்பது வயது இருக்கும். லூர்துமேரியின் கண்ணைத் திறந்து பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்திலிருந்து இரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு நிமிர்ந்து, "வீட்டுல ஆக்ஸிஜன் எவ்வளவுல வச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு. நாந்தான் கூட்டினேன், டாக்டரம்மா." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

 டாக்டரின் கை போய்ச் சுவரிலிருந்த ஆக்ஸிஜன் திருகைக் குறைத்தது. பவுல்ராஜ் பதறிப்போய் ஓர் அடி முன்னால் வந்தார். "என்னாம்மா, கொறைக்கிறீங்க!"

"நில்லுங்க ஐயா. சொல்றேன்."

சொல்வதற்கு முன் வேலை நடந்தது. ஒரு முகமூடியைக் கொண்டுவந்து மூக்கும் வாயும் மூடும்படி பட்டை போட்டு இறுக்கினார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கூடுதல் அழுத்தமும், வெளியே விடும்போது குறைந்த அழுத்தமும் கொடுக்கிற இயந்திரம் அது. அதற்குள் இரத்தச் சோதனை முடிவு வந்துவிட்டது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, "பி.ஹெச். ஏழு புள்ளி ரெண்டு ஒண்ணு" என்று செவிலியரிடம் சொன்னார்.

அந்தச் சொல் பவுல்ராஜுக்குத் தெரிந்த சொல். கொதிகலன் தண்ணீருக்குத் தினமும் பார்ப்பதுதான். தண்ணீரில் அமிலம் ஏறினால் குழாயை அரித்துவிடும் என்று ஒன்பதுக்கு மேலேயே வைத்திருப்பார்கள். "ஏழுதானே நடுவாந்தரம்? அதுக்கு மேலதானே இருக்குது? அப்பறம் என்னா?"

இளவேனில் அவரை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். "நீங்க பிளான்ட்டா?"

"பாய்லர்."

"எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க. நீலக் கண்ணாடி குடுத்து உள்ள பாக்கச் சொன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசல." டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். "தண்ணிக்கு ஏழு நடுவாந்தரம் ஐயா. ரத்தத்துக்கு ஏழு புள்ளி நாலு. மேல புள்ளி பூஜ்யம் அஞ்சு, கீழ புள்ளி பூஜ்யம் அஞ்சு, அதுக்குள்ளதான் ஆடணும். ஏழு புள்ளி மூணு அஞ்சுக்குக் கீழ வந்தாலே அமிலம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். ஆறு புள்ளி எட்டுக்கு வந்தா பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டாங்க."

 கொதிகலன் தண்ணீருக்கே அதைவிடத் தாராளமாக இடம் விடுவார்கள். அதைப் பிடித்து வைப்பதற்கே ஒரு ஆய்வுக்கூடம், மருந்து கலக்கும் பம்பு, மூன்று ஷிப்டுக்கும் ஆள். இங்கே மேலும் கீழும் ஒரு புள்ளியில் இருபதில் ஒரு பங்கு. சோறு தின்று, சண்டை போட்டு, அண்டா கிண்டி, இருமி, தூங்கி எழுகிற ஓர் உடம்பு, யாரும் பார்க்காமல் அந்த நூலிழை மேல் இத்தனை வருஷம் நடந்திருக்கிறது.

"அமிலம் எங்கேருந்து வந்துச்சு?"

"சோடா குடிச்சா சுர்ருன்னு ஏறுதுல்ல? தண்ணிக்குள்ள கரியமில வாயுவ அடைச்சா அது அமிலமா மாறிடும். ரத்தத்துலயும் அதேதான். உடம்பு எரிக்கிற சாப்பாட்டுக்கெல்லாம் புகை அந்த வாயுதான். மூச்சு வெளிய போகும்போது அதுவும் போயிடணும். அம்மாவுக்குப் போக மாட்டேங்குது. உள்ளயே தேங்கி ரத்தம் சோடா ஆகுது. அதுதான் மூளைய மயக்குது, கைய வெட்டி வெட்டி மடக்குது."

"நான் ஆக்ஸிஜன் குடுத்தேனே?"

"அதுதான் சிக்கல். கெட்டுப்போன நுரையீரல் ரொம்ப சாமர்த்தியமானது ஐயா. காத்து சரியா போகாத எடத்துக்கு ரத்தக் குழாய சுருக்கிடும். நல்லா இருக்கற எடத்துக்கு ரத்தத்த திருப்பிவுடும். நீங்க ஆக்ஸிஜன அள்ளிக் குடுத்ததும் அந்தக் காவல் எல்லாம் தளர்ந்துடுச்சு. வேலை செய்யாத எடத்துக்கெல்லாம் ரத்தம் போயி, புகைய எறக்காமலே திரும்பி வருது. மூச்சோட வேகமும் கொஞ்சம் கொறையும். விரல் கிளிப்பு ஆக்ஸிஜன மட்டும்தான் பாக்கும். புகை எவ்வளவு தேங்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது."

பவுல்ராஜ் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே அவருக்குப் படம் விழுந்துவிட்டது. ஐ.டி. விசிறி நின்றுபோன கொதிகலனுக்கு எஃப்.டி.யைக் கூட்டியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன்கூடச் செய்ய மாட்டான். 

"ஐ.டி. போயிருக்குது. நான் எஃப்.டி.ய கூட்டியிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

டாக்டருக்கு அது எந்த அளவுக்குப் புரிந்ததோ, தலையை ஆட்டினார். "இப்ப இந்த முகமூடிதான் புகைய வெளிய எடுத்தாகணும். கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப ரத்தம் எடுப்பேன். பி.ஹெச். மேல ஏறியிருந்தா நல்லது. எறங்கியிருந்தா தொண்டையில குழாய் போட வேண்டி வரும். இந்த நுரையீரலுக்குக் குழாய் போட்டா, திரும்ப எடுக்கறது சுலபம் இல்ல. அவங்க முகமூடியப் புடுங்காம பாத்துக்கோங்க. அதுதான் உங்க வேலை."

வேலை என்றதும் பவுல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால் அந்த வேலை அவர் செய்த எந்த ஷிப்டையும்விடக் கடினமாக இருந்தது. லூர்துமேரி அரை மயக்கத்திலேயே முகமூடியைப் பிடித்து இழுத்தாள். இயந்திரம் காற்றைத் தள்ளும் நேரத்தில் அவள் வெளியே விட்டாள். அவள் இழுக்கும் நேரத்தில் அது ஓய்ந்தது. இரண்டும் மல்லுக்கு நின்றன. "மேரி, அதுகூட சண்டை போடாத. என்கூட போட்டுக்க, அதுகூட வேணாம்" என்று காதருகில் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். மேலே திரையில் ஆக்ஸிஜன் எண்பத்தி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. சுவரில் திருகு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அரித்தது. தன் இரண்டு கைகளாலும் அவள் கையை இறுக்கிக்கொண்டார். அவளுக்காக அல்ல, தன் கை போய்விடக் கூடாதே என்பதற்காக. எண்பத்தி ஒன்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது என்பதை எந்தப் பயிற்சியிலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

எப்போது என்று தெரியவில்லை, மல்லுக்கட்டு நின்றது. அவள் இழுக்க இயந்திரம் தள்ளியது. அது ஓய அவள் விட்டாள்.

இளவேனில் மறுபடியும் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். வாசலில் சந்திரகலா நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குக் கடை திறக்கவே இல்லை. அவளைப் பார்த்து பவுல்ராஜ் ஏதோ கேட்க வாயெடுத்தார். "பேசாதீங்கண்ணே. நானே மாதாவுக்கு நேந்துக்கினு நிக்கிறேன். எங்க சாமி கோவிச்சுக்கினாலும் பரவால்ல" என்றாள்.

டாக்டர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் நடையில் அவசரமும் இல்லை. "ஏழு புள்ளி மூணு ரெண்டு. குழாய் வேண்டாம்."

காதால் கேட்டால் பத்தில் ஒரு பங்கு. ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்கு ஏறியதற்கு பவுல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். 

"இன்னொண்ணு பாத்தீங்களா ஐயா?" டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஏதோ கோயிலுக்குள் நிற்பது போல. "ஆப்ப சோடா மாதிரி ஒரு உப்பு ரத்தத்துல இருக்கும். அமிலத்த அடக்கறது அதுதான். அம்மாவுக்கு அது சாதாரண ஆளுக்கு இருக்கறதவிட ரொம்ப அதிகம். ஏன் தெரியுமா? நெஞ்சு புகைய தேக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து, கிட்னி அந்த உப்ப வெளிய வுடாம கொஞ்சம் கொஞ்சமா சேத்து வச்சிருக்கு. அது மட்டும் இல்லன்னா இன்னிக்கு வரைக்கும் தாங்கியிருக்க மாட்டாங்க. மெதுவா ஏறினா கிட்னி ஈடு குடுக்கும். இன்னிக்கு மாதிரி திடீர்னு ஏறினா அதால ஓடி வர முடியாது. அதுக்கு நாள் கணக்குல ஆகும்."

"யாரும்மா சொன்னது அதுக்கு, சேத்து வைக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லல."

பவுல்ராஜ் போர்வைக்குக் கீழே ஏறி இறங்கும் அந்த மெலிந்த உடம்பைப் பார்த்தார். அவளை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறவர் தான்தான் என்று போன வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். வடிகட்டி கழுவினார், தண்ணீர் மாற்றினார், பந்தைப் பார்த்தார். அதற்கெல்லாம் வெகு முன்னாலிருந்தே, ஈர விறகை ஊதி ஊதி அவள் நிமிர்ந்த நாட்களிலிருந்தே, அவளுக்குள் வேறொரு ஷிப்ட் விடுப்பே எடுக்காமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. 

மறுநாள் காலை, பக்கத்துக் கோயிலில் ஜெபமணி அடித்த பிறகு, தண்ணீர் குடிப்பதற்காகக் கொஞ்ச நேரம் முகமூடியைக் கழற்றினார்கள். மூக்கின் மேல் பட்டை அழுத்திய தடம் சிவந்திருந்தது. லூர்துமேரி இரண்டு மிடறு குடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"லியோப்பா, என்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

மறைப்பதற்கு அவருக்குத் தெரியாது. "நாந்தான் மேரி பண்ணேன். காத்தைக் கூட்டிவுட்டுட்டேன். ஒனக்கு உள்ள போகலைன்னு நெனச்சேன்."

அவள் கோபப்படவில்லை. யோசித்தாள். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. "உள்ள போறதுல எனக்கு என்னாத்துக்குக் கஷ்டம்? ஒரு நாளும் இல்ல. வெளிய வுடறதுதான். மொத மூச்சு வெளிய போறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். நெஞ்சு பந்தி மாதிரி ஆயிடும். சாப்புட்டவங்க எழுந்திரிக்காம ஒக்காந்துக்கினு இருப்பாங்க, பின்னாடி எல வேணும்னு நிப்பாங்க."

"எங்கிட்ட சொல்லலையே நீ."

"நீங்க கேட்டது கிளிப்பத்தான."

செவிலியர் வந்து முகமூடியை மறுபடியும் மாட்டினார். லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டாள். பவுல்ராஜ் ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, காதைச் சாய்த்து உட்கார்ந்தார். திரையை அவர் பார்க்கவில்லை. இயந்திரம் காற்றைத் தள்ளியது, அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அதற்குப் பின்னால் அவள் வெளியே விடும் மூச்சு வந்தது, மெல்லிய விசில் சத்தத்தோடு, நெளிந்து நெளிந்து, அவர் நினைத்ததைவிட நீளமாக. அது கடைசிவரை போய் முடியட்டும் என்று காத்திருந்தார். முடிந்தது. அடுத்தது தொடங்கியது.